நிரல் சரி, பெயரில்தான் சிக்கல்

(தாம்பரம் வட்டாரத்தில் நடந்த பணியிடைப் பயிற்சி ஒன்றில் மேல்நிலைப் பள்ளிக் கணினி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கணினியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். உங்களில் பாதிப் பேர் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். பைத்தானும் சி பிளஸ் பிளஸும் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். ஆனால் நான் பேசப்போவது பெயர் வைப்பதைப் பற்றி. நோட்டுப் புத்தகத்துக்கு லேபிள் ஒட்டுவதை ஒன்றாம் வகுப்பில் சொல்லிக் கொடுப்பவர்கள் நீங்கள்தான். அந்தப் பழக்கம் பன்னிரண்டாம் வகுப்பில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேரும்போது என்ன ஆகிறது என்று சொல்கிறேன்.

முதலில் என் தவறு ஒன்று. பிளஸ் டூ கணினி அறிவியலில் 13-ஆவது பாடம் பைத்தானும் சி.எஸ்.வி. கோப்புகளும். அதற்கான செய்முறை வகுப்பு. நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி நிரலை எழுதி ஓட்டினாள். பிழை வந்தது. சி.எஸ்.வி.யில் 'ரைட்டர்' என்று எதுவுமே இல்லை என்றது கணினி. நான் போய்ப் பார்த்தேன். காற்புள்ளி சரி, முக்காற்புள்ளி சரி, உள்தள்ளல் சரி. நாற்பது பிள்ளைகள் இருக்கும் லேபில் ஒரு பிள்ளையிடம் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? "எங்கேயோ தப்பா டைப் பண்ணியிருக்கே, முதல்லேர்ந்து அடி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அவள் அடித்தாள். அதே பிழை. மூன்றாவது முறையும் அடித்தாள். பக்கத்து மெஷினில் இருந்த பையன் இவளைப் பார்த்து எழுதிய அதே நிரல் முதல் முறையே ஓடிவிட்டது. பீரியட் முடிந்து மணி அடித்தபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. "எனக்கு கம்ப்யூட்டர் வராது மிஸ்" என்றாள்.

மறுநாள் அதே மெஷினில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் சாளரத்தின் மேல் வரி கண்ணில் பட்டது. கோப்பின் பெயர் சி.எஸ்.வி. டாட் பை. கூப்பிட்டுக் கேட்டேன். "பாடத்தோட பேரைத்தானே மிஸ் வெச்சேன்" என்றாள். அவள் செய்தது நாம் சொல்லிக் கொடுத்ததுதான். அறிவியல் நோட்டில் 'அறிவியல்' என்று எழுதச் சொல்கிறோம், சி.எஸ்.வி. பாடத்து நிரலுக்கு அவள் 'சி.எஸ்.வி.' என்று எழுதியிருக்கிறாள்.

இதில் கணினி என்ன செய்தது? நிரலின் முதல் வரி, 'சி.எஸ்.வி. என்ற தொகுதியைக் கொண்டு வா' என்கிறது. பைத்தானுடன் வரும் சி.எஸ்.வி. தொகுதியைத்தான் நாம் நினைக்கிறோம். ஆனால் பைத்தான் தேடும் வரிசை வேறு. முதலில் தனக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கும் சில தொகுதிகளைப் பார்க்கும். அங்கே இல்லையென்றால், ஓடிக்கொண்டிருக்கும் நிரல் இருக்கும் ஃபோல்டரைப் பார்க்கும். அதற்குப் பிறகுதான் தன்னுடைய நூலகத்துக்குப் போகும். மாணவியின் ஃபோல்டரிலேயே அந்தப் பெயரில் ஒரு கோப்பு இருந்ததால் அதையே எடுத்துக்கொண்டது. அவளுடைய நிரல் தன்னைத்தானே கூப்பிட்டுவிட்டது. தனக்குள் 'ரைட்டர்' இல்லை என்று தானே புகார் சொன்னது.

ஆசிரியர் அறை வாசலில் நின்று "லட்சுமி டீச்சர்!" என்று ஒரு பையன் கூப்பிட்டால் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் லட்சுமி டீச்சர்தான் திரும்புவார். அவன் தேடி வந்தது உள்ளே ஜன்னலோரம் இருக்கும் லட்சுமி டீச்சரை. நாம் "எந்த லட்சுமி?" என்று கேட்போம். பைத்தான் கேட்காது.

அப்படியானால் பக்கத்தில் இருப்பதுதான் எப்போதும் ஜெயிக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா? அதுவும் முடியாது. இன்னொரு மாணவன் பரப்பளவு கண்டுபிடிக்கும் செயற்கூறுகளை எழுதி மேத் டாட் பை என்று சேமித்தான். வேறொரு நிரலிலிருந்து அதைக் கூப்பிட்டான். விண்டோஸில் 'மேத்' என்பது பைத்தானுக்குள்ளேயே கட்டப்பட்ட தொகுதி. தேடும் வரிசையில் அதற்குத்தான் முதல் இடம். ஆகவே அவனுடைய கோப்பைப் பைத்தான் திறந்துகூடப் பார்க்கவில்லை. மேத் தொகுதியில் பரப்பளவு என்று எதுவும் இல்லை என்றது. 'ரேண்டம்' என்று பெயர் வைத்தால் உங்கள் கோப்பு ஜெயிக்கும், 'மேத்' என்று வைத்தால் தோற்கும். இரண்டிலும் பிள்ளைக்குக் கிடைப்பது ஒரே மாதிரியான பிழைச் செய்திதான்.

பாதிப்பு பெயர் வைத்த பிள்ளையோடு நிற்பதும் இல்லை. நம் லேபில் ஒரு மெஷினில் காலையில் ஒரு வகுப்பு, மதியம் ஒரு வகுப்பு. காலையில் ஒருவன் ரேண்டம் டாட் பை என்று ஒன்றைப் பொது ஃபோல்டரில் விட்டுவிட்டுப் போகிறான். மதியம் வருகிறவன் அதே ஃபோல்டரில் தன் நிரலை வைத்து ஐடில் மூலம் ஓட்டப் பார்க்கிறான். ஐடில் கோளாறு காட்டுகிறது. அவன் ரேண்டமைத் தொடவே இல்லை. ஆனால் ஐடில் தன் வேலைக்குப் பயன்படுத்தும் நூலகத் தொகுதிகளில் ஒன்றின் பெயரில் அங்கே ஒரு கோப்பு கிடக்கிறது. இது நான் கண்டுபிடித்ததில்லை. ரேண்டம், டிகின்டர் போன்ற பெயர்களில் பயனர் வைத்த கோப்புகள் இந்தக் கோளாறுக்குப் பொதுவான காரணம், கோப்பின் பெயரை மாற்றுவதே தீர்வு என்று ஐடிலின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். நாமோ "அந்த மெஷின் ரிப்பேர்" என்று சீட்டு ஒட்டிவிடுகிறோம். நானும் ஒட்டியிருக்கிறேன்.

2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13-இல் இதற்கு ஒரு நல்லது செய்தார்கள். இந்தப் பிழை வரும்போது, 'உங்கள் கோப்பின் பெயரும் நூலகத் தொகுதியின் பெயரும் ஒன்றாக இருக்கிறது, பெயரை மாற்றிப் பாருங்கள்' என்று செய்தியிலேயே சொல்கிறது. உலகமெங்கும் பிள்ளைகள் இதே குழியில் விழுந்திருக்காவிட்டால் அந்த வரியைச் சேர்த்திருக்க மாட்டார்கள். நான் பார்த்த லேபுகளில் பழைய பதிப்புகள்தான் இருக்கின்றன. அவை சொல்லாது. அதனால் நான் ஒரு வரியைப் பழக்கப்படுத்தியிருக்கிறேன். சந்தேகம் வந்தால் தொகுதியின் பெயர், புள்ளி, இரண்டு அடிக்கோடு, 'ஃபைல்', மறுபடி இரண்டு அடிக்கோடு என்று எழுதி அதை அச்சிட்டுப் பார். பைத்தான் எந்த ஃபோல்டரிலிருந்து எந்தக் கோப்பை எடுத்தது என்று முழு முகவரியோடு காட்டிவிடும். முகவரி உன் ஃபோல்டரைக் காட்டினால் குற்றவாளி அங்கேதான் இருக்கிறான்.

இனி சி பிளஸ் பிளஸ். இங்கே விஷயம் கொஞ்சம் வேறு மாதிரி. இதைப் புரியவைக்க நான் நம் ஊரையே எடுத்துக்கொள்வது வழக்கம்.

2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானது நினைவிருக்கும். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகள். சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சிகள். பத்தையும் ஒன்றாக்கினார்கள். காந்தி தெரு, காமராஜர் தெரு இல்லாத ஊர் தமிழ்நாட்டில் ஏது? தனித்தனி ஊராக இருந்தவரை யாருக்கும் சிக்கல் இல்லை. ஊருக்குள் 'காந்தி தெரு' என்றால் ஒன்றுதான். எல்லாம் ஒரே மாநகராட்சி ஆன பிறகு 'காந்தி தெரு, தாம்பரம் மாநகராட்சி' என்று மட்டும் எழுதிப் பாருங்கள், கூரியர் பையன் போன் போட்டு "எந்த ஏரியா சார்?" என்பான். நமக்கு இது புதிதும் இல்லை. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் கிழக்குத் தாம்பரம், அந்தப் பக்கம் மேற்குத் தாம்பரம் என்று சொல்லித்தான் நாம் வளர்ந்திருக்கிறோம்.

பல கோப்புகளாகப் பிரித்து எழுதிய சி பிளஸ் பிளஸ் நிரலும் இப்படித்தான். ஒவ்வொரு கோப்பையும் தனியாகக் கம்பைல் செய்யும்போது எல்லாம் சரியாக இருக்கும். ஒன்றாக இணைக்கும்போதுதான் மோதல் தெரியும்.

மூன்று மாணவிகள் சேர்ந்து பள்ளி நூலகத்துக்கு ஒரு நிரல் எழுதினார்கள். ஒருத்தி புத்தகம் பகுதி, ஒருத்தி உறுப்பினர் பகுதி, ஒருத்தி முதன்மை நிரல். அழகாகத் தனித்தனி ஃபோல்டர். ஆனால் புத்தக ஃபோல்டரிலும் லிஸ்ட் டாட் சிபிபி, உறுப்பினர் ஃபோல்டரிலும் லிஸ்ட் டாட் சிபிபி. வெளி ஃபோல்டரில் நின்றுகொண்டு ஒவ்வொன்றையும் 'ஹைஃபன் சி' கொடுத்துக் கம்பைல் செய்தார்கள். ஒரு பிழையும் இல்லை. முதல் கோப்பு கம்பைல் ஆனபோது லிஸ்ட் டாட் ஓ என்று ஒரு விளைவுக் கோப்பு உருவானது. மூலக் கோப்பு எந்த ஃபோல்டரில் இருந்தாலும், விளைவுக் கோப்பு நாம் நிற்கும் ஃபோல்டரில்தான் விழும். இரண்டாவதைக் கம்பைல் செய்தபோது அதுவும் லிஸ்ட் டாட் ஓ என்றே விழுந்து முதலாவதை அழித்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நம் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இணையத்திலிருந்து ஒரே படிவத்தை இரண்டு முறை இறக்கினால் பிரவுசர் இரண்டாவதற்கு அடைப்புக்குறிக்குள் 1 என்று போட்டுக் காப்பாற்றிவிடும். அந்தப் பெருந்தன்மை கம்பைலருக்குக் கிடையாது. பழைய விளைவின் மேல் புதிய விளைவை எழுதுவதுதான் அதன் அன்றாட வேலை. நிரலைத் திருத்தித் திருத்திக் கம்பைல் செய்கிறோமே, ஒவ்வொரு முறையும் அது கேள்வி கேட்டால் நாமே எரிச்சலடைவோம்.

பிறகு எல்லாவற்றையும் இணைத்தார்கள். 'புத்தகத்தைச் சேர்' என்ற செயற்கூறைக் காணவில்லை என்றது இணைப்பான். அந்த மாணவி கோப்பைத் திறந்து என்னிடம் காட்டுகிறாள், "இங்கே இருக்குதே மிஸ்!" இருக்கிறதுதான். மூலக் கோப்பில் இருக்கிறது. இணைக்க வேண்டிய விளைவுக் கோப்புதான் அழிந்துவிட்டது. தீர்வு சுலபம். கம்பைல் செய்யும்போது 'ஹைஃபன் ஓ' போட்டு விளைவுக்கு நாமே பெயர் கொடுக்கலாம், புக் அண்டர்ஸ்கோர் லிஸ்ட், மெம்பர் அண்டர்ஸ்கோர் லிஸ்ட் என்று. அல்லது விளைவுகளை அந்தந்த ஃபோல்டருக்கே அனுப்பலாம். ஒரு வேடிக்கை, இரண்டு மூலக் கோப்புகளையும் ஒரே கட்டளையில் கொடுத்து நேரடியாக இயக்கக் கோப்பாக்கச் சொன்னால் இந்த மோதல் வராது. இடைப்பட்ட கோப்புகளுக்கு ஜி பிளஸ் பிளஸ் தானே தற்காலிகப் பெயர் வைத்துக்கொள்ளும். அதனால்தான் வீட்டில் ஓடியது லேபில் ஓடவில்லை என்று பிள்ளைகள் சொன்னால் நான் உடனே பொய் என்று நினைப்பதில்லை. என்ன கட்டளை கொடுத்தாய் என்று கேட்கிறேன்.

அதே மாணவிகளுக்கு இன்னொன்றும் நடந்தது. இரண்டு ஃபோல்டரிலும் லிஸ்ட் டாட் ஹெச் என்று தலைப்புக் கோப்பு. ஒரு தலைப்புக் கோப்பு இரண்டு முறை சேர்ந்துவிடாமல் இருக்க மேலே ஒரு காவல் பெயர் எழுதுவோம். இருவரும் கோப்பின் பெயரையே பெரிய எழுத்தில் காவலாக எழுதியிருந்தார்கள். கம்பைலர் முதலாவதைப் படித்தது. இரண்டாவதைத் திறந்தது, அதே காவல் பெயரைப் பார்த்தது, 'ஏற்கெனவே படித்தாயிற்று' என்று முழுவதையும் தாண்டிவிட்டது. காவலுக்கு முன்னால் ஃபோல்டர் பெயரையும் சேர்த்து எழுதினால் போதும். எஸ். கார்த்திக், கே. கார்த்திக் என்று வருகைப் பதிவேட்டில் நாம் செய்வதுதான்.

இப்போது இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். கணினி ஆசிரியர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பிளஸ் டூ 14-ஆவது பாடத்தில் பைத்தான் நிரல் ஒன்றிலிருந்து சி பிளஸ் பிளஸ் நிரலைக் கம்பைல் செய்து ஓட்டுகிறோம். பாடநூலில் உள்ள நிரல் மூலக் கோப்பின் பெயரை வாங்கிக்கொள்ளும், அதோடு டாட் சிபிபி சேர்த்து ஜி பிளஸ் பிளஸிடம் கொடுக்கும், அதே பெயரோடு டாட் இஎக்ஸ்இ சேர்த்து இயக்கக் கோப்பை உருவாக்கச் சொல்லும், அடுத்த வரியில் அந்த இயக்கக் கோப்பை ஓட்டும். கம்பைல் வெற்றியா தோல்வியா என்று நடுவில் பார்ப்பதில்லை.

ஒரு மாணவன் நிரலை எழுதி ஓட்டுகிறான், சரியான விடை வருகிறது. பிறகு எதையோ மாற்றுகிறான், ஓர் அரைப்புள்ளி விட்டுப்போகிறது. மறுபடி ஓட்டுகிறான். கம்பைலர் பிழை என்கிறது. ஆனால் பழைய இயக்கக் கோப்பு அதே பெயரில் அங்கேயே இருக்கிறது. அடுத்த வரி அதை ஓட்டுகிறது. திரையில் கடைசியாகத் தெரிவது சரியான விடை! பிழைச் செய்தி மேலே போய்விட்டது. தேர்வில் அவனுக்கு முழு மதிப்பெண் போட்டால் அது தவறு. இதற்கு நேர்மாறும் நடக்கும். போன வகுப்பில் வேறொருவன் அதே பெயரில் தவறான நிரலை ஓட்டி, அந்தச் சாளரத்தை மூடாமல் போயிருப்பான். இவன் சரியான நிரலைக் கம்பைல் செய்கிறான். ஓடிக்கொண்டிருக்கும் இயக்கக் கோப்பின் மேல் விண்டோஸ் எழுத விடாது, அனுமதி இல்லை என்று கம்பைலர் நின்றுவிடும். பிறகு ஓடுவது மற்றவனுடைய நிரல். தவறான விடை. இவனுக்கு மதிப்பெண் போகும். இவன் எழுதியதில் ஒரு புள்ளிகூடத் தவறில்லை. ஆகவே செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு மாணவருக்கும் வெறுமையான புது ஃபோல்டர் கொடுங்கள். முடியாவிட்டால் தேர்வு தொடங்கும் முன் பழைய இஎக்ஸ்இ கோப்புகளையாவது அழித்துவிடுங்கள்.

பழைய ஆசிரியர்கள் சிரிக்கிறீர்கள். டர்போ சி காலம் ஞாபகம் வருகிறது போல. அப்போது பெயர் கொடுக்காவிட்டால் அதுவே நோநேம் ஜீரோ ஜீரோ என்று வைத்துக்கொள்ளும். பேட்ச் முழுவதும் நோநேம் ஜீரோ ஜீரோவில்தான் எழுதியது. டாஸில் பெயருக்கு எட்டு எழுத்துத்தான். ஃபேக்டோரியல் என்று ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்பது எழுத்து, கடைசி எழுத்து போய்விடும். ஒன்று, இரண்டு என்று பின்னால் எண் போட்டு வேறுபடுத்த முயன்றால் அந்த எண்தான் முதலில் வெட்டுப்படும்.

லினக்ஸுக்குப் போனால் கதை மாறும். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. சி-டாக் உருவாக்கியது. விண்டோஸுக்குப் பெரிய எழுத்து புக்கும் சின்ன எழுத்து புக்கும் ஒன்று, லினக்ஸுக்கு இரண்டும் வேறு. விண்டோஸில் தலைப்புக் கோப்பின் பெயரை எப்படி எழுதினாலும் ஓடும், லினக்ஸில் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று நிற்கும். இயக்கக் கோப்புக்கு 'டெஸ்ட்' என்று பெயர் வைப்பது இன்னொரு வழக்கம். டெர்மினலில் டெஸ்ட் என்று அடித்தால் ஒன்றுமே நடக்காது, பிழையும் வராது. டெர்மினலுக்கே டெஸ்ட் என்று சொந்தக் கட்டளை ஒன்று உண்டு, அது ஓடி முடிந்திருக்கும். முன்னால் புள்ளியும் சாய்கோடும் போட்டு அடித்தால்தான் நம் டெஸ்ட் ஓடும்.

சரி, என்ன பெயர்தான் வைப்பது? சில பள்ளிகளில் பதிவெண்ணை முதலில் போடச் சொல்கிறார்கள். தனி நிரலுக்கு அது சரி. ஆனால் எண்ணில் தொடங்கும் கோப்பைப் பைத்தானில் தொகுதியாக இம்போர்ட் செய்ய முடியாது. நடுவில் சிறுகோடு போட்டாலும் முடியாது, அதைக் கழித்தல் குறி என்று எடுத்துக்கொள்ளும். இடைவெளி விட்டாலோ 14-ஆவது பாடத்து நிரல் பெயரை இரண்டு துண்டாக்கி ஜி பிளஸ் பிளஸிடம் கொடுத்துவிடும். நான் செய்வது இது: பிள்ளையின் தலைப்பெழுத்து, வரிசை எண், அடிக்கோடு, பாடம். கே 07 அண்டர்ஸ்கோர் சி.எஸ்.வி. எல்லாம் சின்ன எழுத்தில். அதே தலைப்பெழுத்து எண் பெயரில் ஒரு ஃபோல்டர். இரண்டு வாரம் மறந்துபோவார்கள், மூன்றாவது வாரத்திலிருந்து தானாக வரும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். லேபிளில் 'அறிவியல்' என்று எழுதியவுடன் திருப்தியாகிவிடாமல், வகுப்பில் இருக்கும் முப்பது அறிவியல் நோட்டையும் மேசைமேல் குவித்து, "உன்னுடையது எது, எப்படித் தெரியும்?" என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். எங்கள் வேலையில் பாதி முடிந்துவிடும்.

அந்த மாணவியிடம் கோப்பின் பெயரை மட்டும் மாற்றி ஓட்டச் சொன்னேன். நிரலில் ஓர் எழுத்தும் மாற்றவில்லை. ஓடியது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப நேத்து மூணு தடவை அடிச்சதும் கரெக்ட்டா மிஸ்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பக்கத்து அறையில் ஒரு மெஷினில் அதே பெயரில் ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் வாருங்கள், அந்தப் பிழையை ஒருமுறை நீங்களே வரவழைத்துப் பார்க்கலாம்.